நல்லாயிருக்கு என்றால் போதுமா?

(மூன்றாம் ஞாயிறு ‘படித்தது – பார்த்தது’ கூட்டத்தில், நம் சங்க அறையில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. வங்கியில் முப்பத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தவன். நாலு பேர் கேட்கும்படி என் குரல் ஒலித்ததெல்லாம் டோக்கன் நம்பர் கூப்பிட்டபோதுதான். செயலாளர் தம்பி, “சார், பத்து நிமிஷம் பேசினாப் போதும்” என்றார். பேசி முடித்ததும், “அப்படியே இதழுக்கு எழுதிக் கொடுத்திருங்க” என்றார். பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வர முடியாதவர்கள் வந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தபோது நாம் வைத்துக்கொண்ட விதி சுலபமானது. படித்த நாவல், பார்த்த படம், எது பிடித்ததோ அதைப் பற்றி ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். “படம் சூப்பர்.” “நாவல் அருமை, எல்லாரும் படிக்கணும்.” “டைம் வேஸ்ட்.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு சுண்டல். நம் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சுருக்கம். ஒரு கட்டைவிரல் போதும்.

வங்கிக்காரன் புத்தியில் எனக்கு ஒன்று தோன்றும். வவுச்சர் இல்லாமல் லெட்ஜரில் என்ட்ரி போட மாட்டோம். “அருமை” என்பது என்ட்ரி. எந்தக் காட்சி, எந்த இடம், அது உங்களை ஏன் தொட்டது என்பதுதான் வவுச்சர். அது இல்லாத அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு கேட்பவர் என்ன செய்வார்? தலையாட்டிவிட்டுப் போவார்.

நம்மைப் போல வாசகர்கள் சொன்ன அபிப்பிராயத்தால் தமிழில் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. இரண்டு மட்டும் சொல்கிறேன்.

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்தபோது, நாம் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இது நாவலில் இல்லையே” என்று படிக்கட்டில் நின்று சண்டை போட்டோம். கல்கி அந்த நாவலை 1950 முதல் 1954 வரை தன் பத்திரிகையில் தொடராக எழுதினார். முடிந்தபோது வாசகர்கள் விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கி அதற்கெல்லாம் பதில் சொல்லி ஒரு முடிவுரை எழுதினார். இன்றைக்கும் புத்தகத்தின் கடைசியில் அது இருக்கிறது. அந்தப் பக்கங்கள் வந்தது வாசகர்கள் கேட்டதால்தான்.

இரண்டாவது, ஜெயகாந்தன். 1966-ல் ஆனந்த விகடனில் ‘அக்னிப் பிரவேசம்’ என்ற சிறுகதை வந்தது. மழை நாளில் முகம் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரிப் பெண். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தை வெளியே விடாமல் காப்பாற்றுகிறாள். வாசகர்கள் இரண்டு கட்சியானார்கள். எப்படி இப்படி எழுதலாம் என்று ஒரு பக்கம் கடும் கோபம். ஜெயகாந்தன் அந்தக் கோபத்தைத் தள்ளிவிடவில்லை. அந்த அம்மா அப்படிச் செய்யாமல், ஊரைக் கூட்டி ஒப்பாரி வைத்திருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தார். அதுவே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். 1972-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. பிறகு பீம்சிங் இயக்கத்தில் படமானது. அதில் நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு சிறுகதை, அதற்கு வந்த எதிர்ப்பு, அந்த எதிர்ப்பிலிருந்து ஒரு நாவல், நாவலிலிருந்து ஒரு படம். சங்கிலி மாதிரி.

சரி, நம் கதைக்கு வருகிறேன்.

போன மாதம் இதே அறையில் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படம் போட்டோம். தேர்ந்தெடுத்தது நான். லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, 2018 ஆகஸ்டில் வந்த படம். இசை இளையராஜா, நம் பண்ணைப்புரத்துக்காரர். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இந்த மலையின் ஏலக்காயைச் சுமக்கிறவர்களின் கதை. நம் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கண்ணில் படுகிற மலைதான் அது. போடிக்காரன் என்ற பெருமையில், “ஒளிப்பதிவைப் பாருங்க, மேகத்தைப் பாருங்க” என்று முன்னுரை வேறு கொடுத்தேன்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவையும் சொல்லாமல் நான் மேலே பேச முடியாது, மன்னிக்க வேண்டும். ரங்கசாமி என்று ஒரு சுமை தூக்கும் தொழிலாளி. அடிவாரத்துக்கும் மேலே உள்ள ஏலத்தோட்டத்துக்கும் நடந்து நடந்து மூட்டை சுமப்பவன். சொந்தமாகத் துளி நிலம் வாங்க வேண்டும் என்பது ஒன்றே ஆசை. சேர்த்த காசைப் போட்டு வாங்கிய ஏலக்காய் மூட்டை மலைச்சரிவில் உருண்டு சிதறிப் போகிறது. ஒருவழியாக நிலம் அமைகிறது. பிறகு கடன், ஜெயில். திரும்பி வரும்போது நிலம் கைமாறிவிட்டது. அதில் காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்றாலைக்கு அவனே காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். படம் முடிகிறது.

விளக்கைப் போட்டதும் அபிப்பிராயம் கேட்டோம். “டாக்குமெண்டரி மாதிரி இருக்கு.” “முதல் பாதி பூரா நடந்துக்கிட்டே இருக்கான், கதை எப்ப ஆரம்பிக்கும்னு ஆயிருச்சு.” சி பிளாக் தம்பி ஒருவர், “சார், ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட விட்டிருக்கலாம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், படம் தொடங்கிய இருபதாவது நிமிஷம் நானும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்று ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்த நடை என்னை விடவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. வீட்டில்கூட அதைச் சொன்னதில்லை.

1990-களின் ஆரம்பம். நான் கேஷ் கவுண்டரில் இருந்தேன். அப்போது பணம் வாங்குவது மதியம் இரண்டு மணி வரைக்கும். நல்ல மழைக்காலம். இரண்டு இருபதுக்கு ஒருவர் வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு, தலையில் சாக்கைக் கொங்காணி போட்டிருந்தார். மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தோடு மீட்க வேண்டும். நகைக்கடன் அட்டையும் பணமும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வேட்டி மடிப்பில் வைத்திருந்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கேஷ் முடிஞ்சிருச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க” என்றேன். “சரிங்க சார்” என்று போய்விட்டார்.

விதிப்படி நான் செய்தது தப்பில்லை. ஆனால் பணத்தை இன்னும் கட்டி முடிக்கவில்லை. நகைப் பெட்டகத்தின் இரண்டு சாவிக்காரர்களும் கிளையிலேயே இருந்தார்கள். மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரைமணியில் முடிந்திருக்கும். மறுநாள் காலையில் கிளையைத் திறக்கப் போனால், வராந்தாவில் அதே சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். ஏறிப்போய் மறுபடி இறங்கி வர நேரமும் கிடையாது, காலும் கிடையாது, அதனால் இங்கேயே படுத்துவிட்டார் என்று எங்கள் வாட்ச்மேன் சொன்னார். முதல் ஆளாகத் தோட்டை மீட்டுக் கொடுத்தேன். அவர் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

“நாளைக்கு வாங்க” என்று நான் சொன்ன இரண்டு வார்த்தைக்கு எவ்வளவு தூரம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் அது ஒரு டோக்கன். படத்தில் ரங்கசாமி நடந்துகொண்டே இருக்கிறானே, நாம் சலித்துக்கொண்டோமே, அந்தத் தூரம்தான் அது. வேகமாக ஓட விட்டிருந்தால் எனக்கு அது தெரியாமலே போயிருக்கும். படம் மெதுவாகப் போகவில்லை. பாதை நீளம்.

இதை அந்த சி பிளாக் தம்பியிடம் மறுநாள் லிஃப்டில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அப்ப இன்னொரு தடவை பாக்குறேன் சார்” என்றார். பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

இனிதான் முக்கியமான விஷயம்.

அன்றைக்கு நாம் படம் பார்த்தபோது அறைக்கு வெளியே கதவோரம் நின்று இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். நம் படிக்கட்டும் வாசலும் பெருக்குகிற அம்மா. நாம் யாரும் அவரை உள்ளே வந்து உட்காரச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து அவரிடம், “படம் பாத்தீங்களேம்மா, எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் அனுமதி வாங்கித்தான் இங்கே எழுதுகிறேன். பேர் வேண்டாம் என்றார்.

அவர் பதினாலு வருஷம் ஏலக்காய் எடுக்கப் போனவர். விடியும் முன்னால் ஜீப். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு தாண்டிப் போய், இருட்டும்போது திரும்பி வருவது. நிழலுக்கடியில், ஈரத்தில், அட்டைக்கடியோடு குனிந்தபடி வேலை. ஏலச்செடிக்குக் காய் வருவது தூரில், தரையை ஒட்டி. ஒரே நாளில் எல்லாக் காயும் விளையாது. விளைந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். சில வாரம் கழித்து அதே செடிக்கு மறுபடி வர வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் தோராயமாக ஒரு கிலோ தேறும். நம் ஊரில் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தில் திரையில் ஓடுகிற விலை அந்த ஒரு கிலோவுக்கு. குனிந்தவர் கணக்கு அந்தத் திரையில் வராது.

அவர் சொன்னது இது:

“கடைசியில நீங்க எல்லாரும் உச்சுக் கொட்டுனீங்க சார். எனக்கு அப்படி இல்ல. அப்பாடா, இத்தன நாளு சுமந்தவனுக்கு உக்காந்து பாக்குற வேலை கெடச்சுதேன்னுதான் மொதல்ல தோணுச்சு. வீட்டுக்குப் போயிச் சோறு வடிக்கிறப்பத்தான், அவன் காவ காக்குறது அவன் நெலத்தயில்லன்னு நெனச்சு அழுகை வந்துச்சு.”

நான் அந்தப் படத்தை அதற்கு முன் இரண்டு முறை பார்த்தவன். முடிவு சோகம் என்று ஒரே வார்த்தையில் பதிந்து வைத்திருந்தேன். சோகத்துக்கு முன்னால் ஒரு “அப்பாடா” இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? நான் வாழ்நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன். அந்த அபிப்பிராயத்தைச் சொல்ல அவருக்கு வவுச்சர் இருந்தது. என்னிடம் இல்லை.

படிப்பதையும் பார்ப்பதையும் பகிர்ந்துகொள்வதில் என்ன லாபம் என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். என் ரசனையை நாலு பேருக்கு அறிவிப்பதற்கு இந்தக் கூட்டம் தேவையில்லை. என் கண்ணில் படாத ஒன்றை இன்னொருவர் பார்த்திருப்பார். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளத்தான் நாம் கூடுகிறோம்.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். பேசும்போது இந்த இடத்தில் அறை அமைதியானது எனக்கு நினைவிருக்கிறது.

வரப்போகும் பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் இருக்கிறது. வாசல் காவலாளியின் நாற்காலியை எடுத்துவிட வேண்டும், உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார் என்று. இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது. காரணம் பொய்யில்லை. இரண்டு ஸ்கூட்டரில் பெட்ரோல் திருடு போனது. அன்றைக்கு அவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று அவரே ஒப்புக்கொண்டார். கோபப்பட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். திருடு போன ஸ்கூட்டரில் ஒன்று என் மருமகனுடையது.

ஆனால் ராத்திரி எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரைக்கும், பன்னிரண்டு மணி நேரம் ஒரு மனிதரை நிற்கச் சொல்கிறோம் என்று நாம் யோசித்தோமா? வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-ல் வந்தது. சென்னை ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பிள்ளைகளின் கதை. அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தவர்களில் நானும் ஒருவன். கேரளம் 2018-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. நம் மாநிலத்திலும் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அதே மாதிரி திருத்தம் வந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கட்டாயம். பேப்பரில் படித்து, “நல்ல சட்டம்” என்று மனைவியிடம் சொன்னேன். அதே கையால்தான் இந்தத் தீர்மானத்திலும் கையெழுத்துப் போட்டேன். படத்தில் நின்றவர்களுக்காக அழ முடிந்தது. என் வாசலில் நிற்கப் போகிறவர் எனக்குத் தெரியவில்லை.

அதனால் என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். செயலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். மற்ற இருபத்தொரு பேரை நான் வற்புறுத்தவில்லை. பெட்ரோல் திருட்டுக்கு வழி வேண்டும் என்பது நியாயமான கேள்வி. என் யோசனை இதுதான். நாற்காலி இருக்கட்டும். மணிக்கு ஒரு முறை வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்து நோட்டில் நேரம் எழுதட்டும். பின்பக்கம் எரியாமல் கிடக்கும் இரண்டு விளக்கையும் மாற்றுவோம். நடுராத்திரிக்கு ஒரு பிளாஸ்க் டீ. அதை என் வீட்டிலிருந்தே கொடுக்க என் மனைவி சம்மதித்துவிட்டாள். இதைவிட நல்ல யோசனை இருந்தால் பொதுக்குழுவில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

“படத்தைப் பத்திப் பேசச் சொன்னா சங்க விவகாரத்துக்குள்ள போயிட்டீங்களே” என்று ஒரு நண்பர் கூட்டம் முடிந்ததும் கேட்டார். நியாயம்தான். ஆனால் என்னிடம் வேறு விமர்சனம் இல்லை. நான் திரைக்கலை படித்தவனில்லை, பி.காம். ஒரு படம் என்னை என்ன செய்தது என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

அடுத்த மூன்றாம் ஞாயிறுக்கு நாவல். வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. வைகை அணைக்காகத் தண்ணீருக்குள் போன ஊர்களின் கதை. பேயத்தேவர் என்ற கிழவர் தன் வீட்டை விட மனசில்லாமல் தவிப்பதைப் படிக்கும்போது, அந்த அணைத் தண்ணீரில் விவசாயம் பார்த்த குடும்பத்துக்காரர்களும் நம்மில் இருக்கிறார்கள், ஊரை இழந்து வந்த குடும்பத்துக்காரர்களும் இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வந்து என்ன சொல்லப் போகிறார்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன். புத்தகம் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். பக்கத்தை மடக்க வேண்டாம்.

படித்துவிட்டு “அருமை” என்று சொல்லுங்கள், தப்பில்லை. கூடவே எந்தப் பக்கம் என்று ஒரு வரி சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் அப்படியே. இன்னொருவர் சொன்னதைக் கேட்டு உங்கள் எண்ணம் மாறினால், அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பெருக்குகிற அம்மாவையும் பகல் காவலாளியையும் நான் அழைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமில்லை என்று அந்த அம்மா சொன்னார். கதையை நான் வாய்விட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கதவோரம் யாரும் நிற்க வேண்டாம். அறையில் நாற்காலி போதாது என்று தெரியும். என் வீட்டிலிருந்து இரண்டு கொண்டு வருகிறேன். முடிந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்து வாருங்கள்.